ஷாக்கை ஏத்தினா வண்டி ஏன் ஆடுது?

சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நின்று பார்த்தால் தெரியும், நம் பையன்களுக்குத் தங்கள் வண்டி மேல் எவ்வளவு பிரியம் என்று. கம்பெனியிலிருந்து வந்தபடியே வண்டியை வைத்துக்கொள்ள யாருக்கும் மனசில்லை. கடை வாசலில், நடைபாதையிலேயே சக்கரம் கழல்கிறது. பழைய ஷாக் அப்சார்பர் ஓரமாகப் போகிறது. மஞ்சள் ஸ்பிரிங்கும் சிவப்புக் குப்பியுமாகப் புதுசு ஒன்று ஏறுகிறது. அங்கே நடக்கும் பேச்சு கிட்டத்தட்ட எல்லாக் கடையிலும் ஒன்றுதான்.

“அண்ணே, பின்னாடி ஷாக்கு ரெண்டு இன்ச் ஏத்திக் குடுங்க. டயரு நூறு சைஸ் போட்டுக்கலாமா?”

“போட்டுக்கலாம் தம்பி. செயின்ல லேசா உரசும். ஒரு வாஷர் குடுத்துத் தள்ளிக்கலாம்.”

“மைலேஜ் அடிபடுமா?”

“அது கொஞ்சம் குறையும்பா. லுக்கு வேணும்ல?”

விலையைக் கேட்கிறார்கள், கலரைக் கேட்கிறார்கள், மைலேஜைக் கேட்கிறார்கள். மாற்றிய பிறகு வளைவில் வண்டி எப்படித் திரும்பும், பிரேக் பிடித்தால் எப்படி நிற்கும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் கடைக்காரரால் என்ன சொல்ல முடியும்? அவர் பொருளை விற்கிறார். வண்டியின் குணம் அலமாரியில் தொங்கும் பொருள் இல்லையே.

இந்தக் கட்டுரை மாடிஃபிகேஷனுக்கு எதிரானது அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியைத் தன் கைக்கும் உயரத்துக்கும் ஏற்றபடி மாற்றிக்கொள்வது நியாயமான ஆசைதான். ஆனால் மோட்டார் சைக்கிளில் ஒன்றை மட்டும் தனியாக மாற்றவே முடியாது. முன் சக்கரத்தைத் தொட்டால் ஹேண்டில் பாரின் கனம் மாறும். பின் ஷாக்கைத் தொட்டால் முன் ஃபோர்க்கின் சாய்வு மாறும். இந்தச் சங்கிலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்துகொண்டு மாற்றுகிறவர் மிகக் குறைவு.

கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு சாண்

முன் ஃபோர்க் செங்குத்தாக நிற்பதில்லை. மேல்பாகம் ஓட்டுபவரை நோக்கிச் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வுக்கு ‘ரேக்’ என்று பெயர். நாம் ஓட்டும் பெரும்பாலான சாலை வண்டிகளில் அது 24 டிகிரியிலிருந்து 27 டிகிரிக்குள் இருக்கும். ஹேண்டில் பார் எந்த அச்சில் திரும்புகிறதோ, அந்தக் கோட்டை மனசுக்குள் அப்படியே தரைவரை நீட்டிப் பாருங்கள். கோடு தரையில் முட்டும் இடம் சற்று முன்னால் இருக்கும். டயர் தரையைத் தொடும் இடம் அதற்குப் பின்னால். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் ‘டிரெயில்’. வண்டிக்கு வண்டி மாறினாலும் 90 மி.மீ. முதல் 120 மி.மீ. வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சாணுக்கும் குறைவுதான்.

ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் சின்னச் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பக்கம் தள்ளினாலும் அது தானாகப் பின்னால் போய் நேராகிக்கொள்ளும். சக்கரம் தரையைத் தொடும் இடம் அது திரும்பும் அச்சுக்குப் பின்னால் இருப்பதே காரணம். பைக்கின் முன் சக்கரம் நேர்கோட்டுக்குத் திரும்பி வருவதிலும் பெரும்பங்கு இதற்குத்தான். டிரெயில் அதிகமானால் வண்டி நெடுஞ்சாலையில் ஆணி அடித்தாற்போல் போகும். சந்துபொந்தில் திருப்ப மட்டும் மல்லுக்கட்ட வேண்டும். டிரெயில் குறைந்தால் டிராஃபிக்கில் பாம்பாய் நெளியும், வேகத்தில் நடுங்கும்.

ரேக்கைப் பற்றி நம் பட்டறைகளில் நிறையப் பேசுகிறார்கள், டிரெயிலைப் பற்றிப் பேசுவதில்லை. மோட்டார் சைக்கிள் சேஸிஸ் ஆய்வில் பெயர்பெற்ற டோனி ஃபோல், பி.எம்.டபிள்யூ. ஆர்75/5 வண்டி ஒன்றின் முன்பக்கத்தை மாற்றி, திருப்பும் அச்சின் சாய்வை 15 டிகிரிக்கும், பிறகு பூஜ்ஜியத்துக்கும், அதாவது முழுச் செங்குத்துக்கும் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தார். டிரெயிலைக் கட்டுக்குள் வைத்திருந்ததால் அந்த வண்டி ஒழுங்காகவே ஓடியது. நேராக நிறுத்திய ஃபோர்க் என்றாலே வண்டி அலையும் என்ற நம்பிக்கைக்கு அது பலத்த அடி. பார்வைக்குத் தெரிகிற சாய்வைவிட, பார்வைக்குத் தெரியாத அந்தச் சில மில்லிமீட்டர்களுக்குத்தான் அதிகாரம்.

21 போய் 19 வந்தபோது

சக்கரம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடி அலைய வேண்டாம். நம்மூர் ராயல் என்ஃபீல்டே அதைச் செய்து காட்டியிருக்கிறது. 2016-ல் வந்த ஹிமாலயனுக்கு முன்னால் 21 இன்ச் சக்கரம், பின்னால் 17. லடாக் சாலைகளை மனசில் வைத்துச் செய்த வண்டி. அதே 411 சிசி இன்ஜினை வைத்து, 2022-ல் ‘ஸ்கிராம் 411’ வந்தது. இது நகரத்துக்கு. முன் சக்கரம் 19 இன்ச்.

வெறும் இரண்டு இன்ச் தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹிமாலயனின் முன் டயர் 90/90-21. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் உயரம் என்பது. மூன்றாவது ரிம்மின் அளவு, இன்ச்சில். அப்படியானால் டயரோடு சேர்த்து மொத்த விட்டம் சுமார் 695 மி.மீ. ஸ்கிராமின் 100/90-19 டயருக்கு 663 மி.மீ. ஆக, அச்சின் உயரத்தில் 16 மி.மீ. குறைகிறது.

வேறு எதையும் தொடாமல் இந்தச் சக்கரத்தை மட்டும் மாட்டினால்? சக்கரம் சிறுத்ததால் டிரெயில் ஏறத்தாழ 8 மி.மீ. குறையும். முன்பக்கம் தாழ்ந்ததால் ஃபோர்க்கும் அரை டிகிரிக்கு மேல் நிமிரும்; அதனால் இன்னொரு 4 மி.மீ. போகும். மொத்தம் 12 மி.மீ., பத்தில் ஒரு பங்கு. இது 26 டிகிரி சாய்வை வைத்துப் போட்ட காகிதக் கணக்குதான். ஆனாலும் திசை சரி: வண்டி கைக்குச் சுறுசுறுப்பாகும், வேகத்தில் நிதானம் கொஞ்சம் குறையும்.

கம்பெனி சக்கரத்தோடு நிற்கவில்லை. முன் சஸ்பென்ஷன் ஏறி இறங்கும் தூரத்தை 200 மி.மீ.யிலிருந்து 190 ஆக்கினார்கள். தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் உள்ள இடைவெளி 220-லிருந்து 200 ஆனது. இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலான வீல்பேஸ் 1,465-லிருந்து 1,455 ஆனது. இரண்டு வண்டிகளையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தவர்களுக்கு ஸ்கிராமின் ஹேண்டில் பார் லேசாகத் திரும்புவது முதல் சிக்னலிலேயே தெரிந்துவிடும்.

அடுத்த தலைமுறையில் இந்த வித்தியாசம் இன்னும் வெளிப்படை. ஹிமாலயன் 450-க்கு 21/17 சக்கரம், முன்னும் பின்னும் 200 மி.மீ. சஸ்பென்ஷன், வீல்பேஸ் 1,510 மி.மீ. அதே இன்ஜினோடு 2024-ல் வந்த கெரில்லா 450-க்கு இரண்டு பக்கமும் 17 இன்ச். சஸ்பென்ஷன் முன்னால் 140, பின்னால் 150. வீல்பேஸ் 1,440. கவனித்தீர்களா? ஒரு சக்கரத்தை மாற்றியதும் ஏனைய எல்லா எண்களும் கூடவே மாறியிருக்கின்றன. கையில் சோதனைத் தடமும் பொறியாளர் படையும் வைத்திருக்கும் கம்பெனிக்கே சக்கரத்தை மட்டும் தனியாக மாற்றும் தைரியம் வரவில்லை. நாமோ அரை மணி நேரத்தில், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள், மாற்றிவிடுகிறோம்.

பெரிய சக்கரம் பள்ளத்தை ஏன் மதிப்பதில்லை?

பழைய புல்லட்டுக்கு 19 இன்ச், ஸ்ப்ளெண்டருக்கும் ஆர்.எக்ஸ். 100-க்கும் 18 இன்ச் என்று அந்தக் காலத்து வண்டிகள் பலவும் உயரமான சக்கரத்தோடு வந்தன; நம் சாலைகளுக்கு அது தோதாக இருந்தது. ரோட்டில் 50 மி.மீ. உயரத்துக்கு ஒரு கல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 இன்ச் ஸ்கூட்டர் சக்கரம் அந்தக் கல்லில் சுமார் 40 டிகிரி கோணத்தில் மோதும். 18 இன்ச் சக்கரம் 33 டிகிரியில், 21 இன்ச் 31 டிகிரியில். கோணம் பெருகப் பெருக, ஏறிப் போக வேண்டிய சக்கரம் முட்டி நிற்கப் பார்க்கும். அந்த அடி ஃபோர்க் வழியாக மணிக்கட்டுக்கு வரும்.

இதில் இன்னொன்றும் தெரிகிறது. 10-க்கும் 18-க்கும் நடுவே ஏழு டிகிரி வித்தியாசம். 18-க்கும் 21-க்கும் நடுவே இரண்டே டிகிரி. ஆகவே தினமும் தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போகிறவர் 21 இன்ச்சுக்குச் செலவு செய்வதில் பெரிய லாபமில்லை. பெரிய சக்கரம் சுழலும்போது தன் தளத்தை விட்டு அசைய மறுக்கும். அதைச் சாய்க்கவும் திருப்பவும் கூடுதல் பலம் வேண்டும். காட்டுப்பாதையில் அந்தப் பிடிவாதம் வரம், கத்திப்பாராவில் தொல்லை.

எண்பதுகளிலிருந்து ஸ்போர்ட்ஸ் வண்டிகள் 17 இன்ச்சுக்கு நகர்ந்ததற்கும் இதுவே ஒரு காரணம். சின்னச் சக்கரம் எடை குறைவு, சட்டென்று சாயும். அந்த அளவில் நல்ல ரேடியல் டயர்கள் கிடைப்பது இன்னொரு வசதி. பதினெட்டிலிருந்து பதினேழுக்கு மாறுவதே தப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முன்னால் மட்டும் மாற்றிப் பின்னால் விட்டுவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 80/100-18 டயரின் விட்டம் 617 மி.மீ.; 90/90-17 டயருக்கு 594. முன்பக்கம் கிட்டத்தட்ட 12 மி.மீ. இறங்கிவிடும். ஸ்பீடோமீட்டர் முன் சக்கரத்திலிருந்து கணக்கு எடுக்கும் வண்டியானால் அது நாலு சதவீதம் கூடுதலாகக் காட்டும். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் விஷயம் இன்னும் நுணுக்கமானது. முன் சக்கரத்தின் வேகத்தையும் பின் சக்கரத்தின் வேகத்தையும் ஒப்பிட்டுத்தான் அந்தக் கம்ப்யூட்டர் முடிவெடுக்கிறது. ஒரு பக்கத்துச் சக்கரத்தின் அளவை மட்டும் மாற்றினால் அதன் கணக்குக்கு அடிப்படையே ஆட்டம் காணும்.

அகலம் என்றால் பிடிமானமா?

இல்லை. குறைந்தபட்சம், எப்போதும் இல்லை.

100 சிசி வண்டி ஒன்றின் ரிம் 1.6 இன்ச் அகலம்தான் இருக்கும். அதற்கு அளந்து கொடுத்தது 80 மி.மீ. டயர். அதே ரிம்மில் 100 மி.மீ. டயரைத் திணித்தால் டயரின் இரண்டு ஓரங்களும் உள்நோக்கி இழுபட்டு, நடுப்பகுதி கூம்பி நிற்கும். நேராகப் போகும்போது தரையில் படும் ரப்பர் எதிர்பார்த்த அளவு கூடாது. சாய்க்கும்போது முதலில் வீம்பு பிடித்து, பிறகு திடீரென்று தொப்பென விழுகிற மாதிரி ஓர் உணர்வு வரும். வளைவின் நடுவில் பக்கச்சுவர் நெளிவதை உட்காரும் இடத்திலேயே உணரலாம்.

டயருக்கு ஏற்ற அகலமான ரிம்மே போட்டாலும் இன்னொரு விஷயம் இருக்கிறது. டயர் அகலமாக ஆக, வண்டி சாயும்போது தரையைத் தொடும் புள்ளி நடுவிலிருந்து பக்கவாட்டில் அதிகமாக நகர்கிறது. அதனால் அதே வளைவை அதே வேகத்தில் கடக்க வண்டியை இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சாய்க்க வேண்டியிருக்கும். பெரிய ஸ்போர்ட்ஸ் வண்டிகள் இதைத் தெரிந்தே ஏற்றுக்கொள்கின்றன. நூறு குதிரைசக்திக்கு மேல் பின் சக்கரத்தில் இறங்கும்போது அந்த அகலம் தேவை. எட்டுக் குதிரைசக்தி வண்டிக்கு என்ன தேவை? 80/100-18 இருந்த இடத்தில் 100/90-18 போட்டால் சுற்றளவும் 3 சதவீதம் கூடும். கியர் கொஞ்சம் நீண்டுபோன மாதிரி ஆகும். கொல்லிமலையில் இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில் முதல் கியருக்கு இறங்க வேண்டிவரும்.

கூடுதல் எடையும் உண்டு. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை, அதாவது சக்கரம், டயர், பிரேக் எல்லாம் கூடக் கூட, சஸ்பென்ஷனின் வேலை கடினமாகும். மேட்டில் ஏறிய சக்கரம் உடனே கீழே இறங்கி ரோட்டைப் பிடிக்காமல் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். அந்தக் கணத்தில் பிடிமானம் பூஜ்ஜியம். எத்தனை இன்ச் அகலம் இருந்தால்தான் என்ன?

ஸ்போக் சக்கரத்தைக் கழற்றி அலாய் போடுகிறவர்களுக்கு ஒரு வரி. டியூப்லெஸ் வசதிக்கு அலாய் சரிதான். ஆனால் பெயர் தெரியாத வார்ப்பு அலாய் பள்ளத்தில் அடிபட்டால் விரிசல் விடும். வளைந்த ஸ்போக் ரிம்மை மூலைக்கடை சைக்கிள்காரர்கூட இழுத்துக் கட்டிக் கொடுத்துவிடுவார். விரிசல் விட்ட அலாயைத் தூக்கிப் போடத்தான் வேண்டும்.

இரண்டு இன்ச் ஏற்றத்தின் கதை

இனி அந்தத் தம்பி கேட்ட ‘ரெண்டு இன்ச்’சுக்கு வருவோம். ஸ்ப்ளெண்டரின் வீல்பேஸ் 1,236 மி.மீ. அதன் பின்பக்கத்தை 50 மி.மீ. தூக்கினால் வண்டி மொத்தமும் முன்னோக்கி 2.3 டிகிரி கவிழும். ஃபோர்க் அந்த அளவுக்கு நிமிரும். டிரெயிலில் ஏறத்தாழ 14 மி.மீ. காணாமல் போகும். ஹிமாலயனிலிருந்து 19 இன்ச்சுக்கு இறங்கியதைவிட இது பெரிய மாற்றம். அதுவும் ஏற்கெனவே டிரெயில் குறைவான சின்ன வண்டியில்.

நேர்ச் சாலையில் முதல் நாள் இது தெரியாது. ‘சும்மா பட்டு மாதிரி திரும்புது’ என்றுதான் சொல்லத் தோன்றும். மலையிறக்கத்தில்தான் சோதனை. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் இறங்கும்போது ஒரு வளைவை மட்டும் மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கிறீர்கள். எடை முன்னால் பாய்கிறது, ஃபோர்க் அமுங்குகிறது, அதன் சாய்வு இன்னும் நிமிர்கிறது. ஏற்கெனவே தூக்கி நிற்கும் பின்பக்கம் மேலும் எழும்ப, பின் டயரின் மேல் சுமை குறைகிறது. அந்த நேரத்தில் பின் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். முன்னாலோ, மிச்சம் இருந்த கொஞ்ச நஞ்ச டிரெயிலும் சுருங்கிவிட்டது. ஹேண்டில் பார் கைக்குள் நிலைகொள்ளாமல் வளைவுக்குள் தானாக விழப் பார்க்கிறது. பயந்து கையை இறுக்குகிறீர்கள். இறுக்கிய கையால் வண்டியைத் திருப்ப முடியாது. அது அகலமாக விரிந்து எதிர்ப்பக்கத்துக்குப் போகும். எதிரே பஸ் வராமல் இருக்க வேண்டும்.

சின்ன விஷயங்களும் உண்டு. ஷாக்கை ஏற்றினால் சைடு ஸ்டாண்டு குட்டையாகிவிடும். வண்டி அதிகம் சாய்ந்து நிற்கும், மழை பெய்த மண்ணில் விழும். இறக்கினால் ஸ்டாண்டு நெட்டையாகி, காற்றடித்தால் மறுபக்கம் விழும். ஹெட்லைட் ஏற்றியபோது தரையைப் பார்க்கும், இறக்கியபோது எதிரே வருகிறவர் கண்ணைப் பார்க்கும். செயினின் தொய்வு மாறும். இவற்றையெல்லாம் சரிபார்த்துக் கொடுக்கும் கடை, பார்த்தவரைக்கும், அபூர்வம்.

மோனோ ஷாக் வண்டிக்காரர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஷாக், பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மின் வேர்ப்பக்கம் இருப்பதால், அதன் நீளத்தில் 10 மி.மீ. கூட்டினால் சக்கரத்தருகே 20, 30 மி.மீ. உயரலாம். விரல் நுனி அளவு மாற்றம் வண்டியின் குணத்தையே புரட்டும். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி ஸ்பீட்வேயிலும் ரேஸ் ஓட்டுகிற அணிகள் ஃபோர்க் குழாயைக் கிளாம்பில் மூன்று மி.மீ., ஐந்து மி.மீ. என்று நகர்த்தி, சுற்றி வந்து, நேரம் பார்த்து, மறுபடி நகர்த்துவார்கள். ஐம்பது மி.மீ. என்றால் அவர்கள் சிரிப்பார்கள்.

ஆர்.எக்ஸ். 100-க்கு யாருடைய ஃபோர்க்?

பழைய ஆர்.எக்ஸ். 100-க்கு வேறு ஏதாவது புது வண்டியின் ஃபோர்க், 17 இன்ச் அலாய், டிஸ்க் பிரேக் என்று முன்பக்கத்தையே ஒட்டுமொத்தமாக மாற்றுவது இப்போது ஒரு மோகம். போட்டோவுக்கு அம்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கிளாம்ப், குழாய்களைத் திருப்பும் அச்சுக்கு எவ்வளவு முன்னால் தள்ளி வைத்திருக்கிறது என்பது வண்டிக்கு வண்டி வேறு. அந்தத் தள்ளல் கூடினால் டிரெயில் குறையும், குறைந்தால் டிரெயில் கூடும். ஃபோர்க்கின் நீளமும் வேறு, சக்கரமும் சின்னது. மூன்றும் சேர்ந்து என்ன தருகின்றன என்பது லாட்டரி. அதோடு, டிரம் பிரேக்கின் இழுப்புக்குச் செய்த கழுத்துப் பகுதி அந்தச் சேஸிஸுடையது. டிஸ்க் பிரேக் கொடுக்கும் திருகலை அது பல வருஷத் துருவோடு எத்தனை நாள் தாங்கும்? கழுத்து வெல்டிங்கைச் சுரண்டிப் பார்த்து விரிசல் உண்டா என்று சோதிக்காமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. என் அபிப்பிராயம் கேட்டால், ஆர்.எக்ஸ். 100-ஐ ஆர்.எக்ஸ். 100-ஆகவே விட்டுவிடலாம்.

ஸ்பிரிங்கைப் பற்றிய பட்டறைப் புராணங்கள்

“பின்னாடி ஷாக்கை ரெண்டு நாட்ச் டைட் பண்ணு, ஹார்டாயிடும்” என்று எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். ஷாக்கின் அடியில் இருக்கும் அந்தப் படிக்கட்டு வளையம் ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கிறது, அவ்வளவுதான். ஸ்பிரிங்கின் கடினம் கம்பியின் தடிமனிலும் சுற்றுகளின் எண்ணிக்கையிலும் இருக்கிறது, அது மாறுவதில்லை. மாறுவது வண்டி நிற்கும் உயரம்.

பின்னால் மனைவியும் நடுவில் குழந்தையுமாகப் போகும்போது அந்த வளையத்தை ஏற்ற வேண்டும் என்று வண்டியோடு வரும் கையேட்டிலேயே எழுதியிருக்கும். ஏற்றாவிட்டால் பின்பக்கம் குந்திவிடும், ஃபோர்க் சாயும், முன் சக்கரம் லேசாகும், திருப்ப மந்தமாகும், ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். டூல் கிட்டில் வரும் கொக்கி ஸ்பேனரால் ஒரு நிமிஷ வேலை. பைசா செலவில்லாத இந்த மாடிஃபிகேஷனைத்தான் நம்மில் பலர் வாழ்நாளில் ஒருமுறைகூடச் செய்ததில்லை.

ஸ்பிரிங்கை உண்மையிலேயே கடினமாக்க ஒரு வழி, சுற்றுகளை வெட்டுவது. வண்டியைத் தாழ்த்த விரும்புகிறவர்கள் இதைச் செய்கிறார்கள். பத்துச் சுற்றில் ஒன்றை வெட்டினால் மிச்சம் 11 சதவீதம் கடினமாகும். ஸ்பிரிங் கடினமானதற்குத் தக்கபடி அதை அடக்கும் எண்ணெய்த் தடை கூடவில்லையென்றால், பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகும் வண்டி துள்ளிக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங் எடையைச் சுமக்கிறது. ஷாக்குக்குள் இருக்கும் எண்ணெய் ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. ஒன்றை மாற்றினால் மற்றதும் மாற வேண்டும்.

‘கேஸ் ஷாக்’ என்று பக்கத்தில் குப்பியோடு விற்பதில் கேஸின் வேலை எடை தாங்குவது அல்ல. எண்ணெய் சூடேறி நுரைத்துவிடாமல் அழுத்தி வைத்திருப்பதுதான் அதன் வேலை. நல்ல கம்பெனிப் பொருளில் இது வித்தியாசம் காட்டும். மலிவானவற்றில் அந்தக் குப்பி வெறும் அலங்காரமாகத் தொங்குவதும் உண்டு.

வரலாற்றில் ஒரு சின்னச் சுற்று. பின்பக்கம் ஸ்பிரிங்கே இல்லாத வண்டிகள் சாதாரணமாக ஓடிய 1948-ல், இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறுநாள் போட்டிக்கு ராயல் என்ஃபீல்டு ஸ்விங் ஆர்ம் பொருத்திய புல்லட்டைக் கொண்டுபோனது. அதன் ஓட்டிகள் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். மறு வருஷம் அந்த வண்டி விற்பனைக்கு வந்தது. ஐம்பதுகளின் நடுவிலிருந்து சென்னை திருவொற்றியூரில் தயாரானது. திருவொற்றியூருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த வண்டியின் முதல் பெருமையே அதன் பின் ஷாக்தான்.

டேப்பும் கேபிள் டையும்

ஷாக்கை மாற்றுவதற்கு முன் இருக்கிற ஷாக் உங்கள் எடைக்குச் சரியாக வேலை செய்கிறதா என்று பாருங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது, அச்சிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழ் ஒரு புள்ளி வரைக்கும் டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, நண்பர் ஒருவர் வண்டியைப் பிடிக்க, நீங்கள் வழக்கமாக உட்காருவதுபோல் ஏறி உட்காருங்கள். இன்னொருவர் அதே தூரத்தை அளக்கட்டும். குறைந்த அளவுதான் ‘சேக்’, அதாவது உங்கள் எடைக்கு வண்டி அமுங்கும் அளவு. சாலை வண்டிக்கு மொத்த ஏற்ற இறக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு சுமாரான இலக்கு. 120 மி.மீ. என்றால் 35-லிருந்து 40. அதைவிட அதிகம் அமுங்கினால் வளையத்தை ஏற்றுங்கள். குறைவாக அமுங்கினால் இறக்குங்கள். கடைசிப் படி வரை ஏற்றியும் போதவில்லை என்றால்தான் கனமான ஸ்பிரிங்குக்கு அர்த்தமிருக்கிறது.

முன் ஃபோர்க்குக்கு ஒரு கேபிள் டை போதும். குழாயில் இறுக்கமில்லாமல் கட்டி, சீலுக்குப் பக்கத்தில் தள்ளிவைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். அது எங்கே போய் நிற்கிறதோ அதுவரை ஃபோர்க் அமுங்கியிருக்கிறது. தினமும் அடிமட்டம் தொட்டால் ஸ்பிரிங் போதவில்லை, அல்லது எண்ணெய் செத்துவிட்டது. பெரும்பாலும் இரண்டாவதுதான். வாங்கிய நாளிலிருந்து ஃபோர்க் ஆயிலை மாற்றாத வண்டிகள்தான் நம் ரோட்டில் அதிகம். கறுத்துத் தண்ணீராகிப்போன அந்த எண்ணெயைக் கீழே கொட்டி, கம்பெனி சொன்ன தரத்தில் சொன்ன அளவு ஊற்றினாலே பலருக்குப் புது வண்டி கிடைத்த மாதிரி இருக்கும். கெட்டியான எண்ணெய் ஊற்றினால் ஃபோர்க் மெதுவாக அமுங்கும், ஆனால் தொடர் பள்ளங்களில் மேலே திரும்பி வர நேரமில்லாமல் படிப்படியாகக் கீழே போய்க்கொண்டிருக்கும். அளவோடுதான்.

வண்டி ஆடினால் எந்த ஆட்டம் என்று பாருங்கள். ஹேண்டில் பார் மட்டும் வினாடிக்கு ஆறு முதல் பத்து முறை படபடவென்று நடுங்கினால் அது முன்பக்க நோய்: ஹேண்டில் பார் திரும்பும் இடத்துக் கோன் செட்டின் தேய்மானம், டயர் பேலன்ஸ், குறைந்துபோன டிரெயில். வண்டி மொத்தமும் இரண்டு மூன்று முறை என்ற கணக்கில் வாலை ஆட்டினால் பின்பக்கம் பாருங்கள்: ஸ்விங் ஆர்ம் புஷ், செத்த ஷாக், பின்னால் ஏற்றிய அதிகப்படி லக்கேஜ். இரண்டுக்கும் ஒரே மருந்தாக ‘டயரைப் பெருசாப் போட்டுடலாம்’ என்று சொல்லும் மெக்கானிக்கிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புவது உத்தமம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் கொடுத்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளாவிலிருந்து வந்த வழக்கில் இதை அழுத்தமாக உறுதிசெய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ரோட்டில் போலீஸ் பிடிப்பது சைலன்ஸரையும் நம்பர் பிளேட்டையும்தான் என்று அலட்சியமாக இருக்கலாம். விபத்து நடந்து இன்ஷூரன்ஸ்காரர் வண்டியைப் பார்க்க வரும்போது அவர் பார்வை வேறாக இருக்கும். கம்பெனியே தன் வண்டிக்கென்று தரும் பாகங்களில் இந்தத் தலைவலி குறைவு. ஹீரோ எக்ஸ்பல்ஸின் புரோ வகை நல்ல உதாரணம். முன்னால் 250, பின்னால் 220 மி.மீ. சஸ்பென்ஷனோடு ஃபேக்டரியிலிருந்தே வருகிறது. சீட் உயரம் மட்டும் 891 மி.மீ. சராசரி உயரக்காரர் சிக்னலில் ஒரு காலைத்தான் ஊன்ற முடியும். வாங்கும் முன் கடையில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மாற்றியே தீருவேன் என்பவர்களுக்கு மூன்று வேண்டுகோள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்; மாற்றியதும் தெரிந்த ரோட்டில், பகலில், தனியாக ஓட்டிப் பாருங்கள். மாற்றும் முன் இருந்த உயரம், டயர் அளவு, காற்றழுத்தம் எல்லாவற்றையும் போனில் குறித்து வையுங்கள். கழற்றிய ஷாக்கையும் சக்கரத்தையும் மட்டும் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பலருக்கு ஆறு மாதத்தில் அவை மறுபடி தேவைப்படுகின்றன.